கொத்த பிய்யம் பத்து கிலோ

கிலோவுக்கு எட்டணா குறைகிறது என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் பக்கத்து நகர்ப் பெண்கள் மாநிலத்தையே தாண்டிப் போய்விடுவார்கள். நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நிலத்தை மனை போட்டு விற்றோம். அதை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். தபால் ஆபீஸ், பாங்கு, பள்ளிக்கூடம் என்று எல்லாம் மாதச் சம்பளக் குடும்பங்கள். இரண்டாம் சனிக்கிழமை விடிந்தால் ஐந்தாறு பெண்கள் மடித்த சாக்கும் ஒயர்க்கூடையும் தலையணை உறையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். தாம்பரம் போய், மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய், ரோட்டைத் தாண்டி சென்ட்ரல் போய், அங்கே பாசஞ்சர் வண்டி பிடித்தால் ஆந்திராவுக்குள் சூலூர்பேட்டை. அங்கே ரைஸ் மில்லை ஒட்டிக் கடைகள் உண்டு. அரிசி, பருப்பு, மிளகாய், புளி வாங்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவார்கள். தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். முகத்தில் மட்டும் புதையல் எடுத்த களை.

எனக்கு அவர்களைப் பார்த்தால் இளக்காரம். அதை நான் மறைத்ததும் இல்லை. காசை மிச்சம் பிடிப்பது தப்பில்லை. வீட்டுக்குள் பிடிக்க வேண்டும். ஊர்வலம் போய்ப் பிடிக்கிறவர்களை என்ன சொல்வது? ஒரு முழு நாள் போகிறது. புருஷனும் பிள்ளைகளும் அன்றைக்குப் பழைய சோறு. மறுநாள் இடுப்பு வலிக்குத் தைலம். இதற்குப் பேர் மிச்சமாம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு டீச்சர். தென்பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினாள். எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இரண்டாவது வீடு. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவாள். பஸ்ஸில் கண்டக்டர் பத்துப் பைசா கூடக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் அதே கண்டக்டரைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பாள். கஞ்சத்தனமும் நேர்மையும் ஒரே உடம்பில் இருப்பதை அவளிடம்தான் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒரே மாதிரி எரிச்சலைக் கொடுத்தன.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நிலப் பத்திரத்தில் என் கையெழுத்தை நானே போட்டேன், கைநாட்டு வைக்கவில்லை. ஆனால் நிலம் போனது போனதுதான். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் மனை மனையாக விற்றுத் தின்றோம். அவர் போன பிறகு மிஞ்சியது வீடும் இரண்டு கடை வாடகையும். அப்போது என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. "மனையெல்லாம் வித்துட்டீங்களாமே" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை. மூன்றாவதாக வந்த இடம் தாம்பரம் மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவர் வீடு. பையன் நல்லவன். மகளுக்கும் பிடித்துவிட்டது. பிடித்திருக்கிறது என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவன் வந்து போன அன்று சாயங்காலம் இரண்டு தரம் தலை பின்னினாள், எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது மண்டிக்காரர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"நெலம்லாம் போச்சு போலக்கீதே."

"நெலம்தான் போச்சு. எல இன்னும் போவல. பரிசத்தன்னிக்கு வந்து உக்காந்து பாருங்க" என்றேன்.

சொல்லியாகிவிட்டது. இனி அவர் இலையில் விழுகிற சோறுதான் என் மானம். அது சரியில்லை என்றால் மூன்றாவது இடமும் போய்விடும்.

அரிசியை எங்கே வாங்குவது என்பதுதான் சிக்கல். அவர் மண்டியில் போய் வாங்கினால், எத்தனை கிலோ, என்ன ரகம், எவ்வளவு பேரம் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். காசு வேண்டாம் என்று அவர் கொடுத்துவிட்டாலோ இன்னும் கேவலம். அவருடைய அரிசியை அவருக்கே ஆக்கிப் போட்டதாக ஆகும். வேறு கடையில் வாங்கலாம் என்றால் செம்பாக்கம் முதல் அஸ்தினாபுரம் வரை எல்லாச் சில்லறைக் கடைக்கும் மூட்டை அவர் மண்டியிலிருந்துதான் போகிறது. கடைக்காரன் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால் அந்த மாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, நான் இத்தனை நாள் ஏளனம் பண்ணின அதே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். மிச்சம் பிடிக்கப் போகவில்லை. மண்டிக்காரர் கண் படாத அரிசி வேண்டும் என்று போனேன். ஆனால் அதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள முடியாதே. தபால் ஆபீஸ்காரர் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா, நீங்களும் எட்டணா கட்சியில சேந்துட்டீங்களா?"

"காத்து வாங்கப் போறேன்" என்றேன்.

"சூலூர்பேட்டைக்கா?"

"அங்க காத்து சீப்பாம்."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ரயிலில் தன் எலுமிச்சம் சோற்றில் பாதியைப் பிரித்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். பசித்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

சூலூர்பேட்டையில் இறங்கியதும் அவர்கள் வழக்கமாகப் போகிற கடைக்கு ஓடினார்கள். அங்கே அவர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். மூட்டையில் கையை விட்டு நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடிக்கிறார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மூக்கருகில் கொண்டு போகிறார்கள். மறுபடி ஒரு மூட்டை, மறுபடி ஒரு கடி. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல. பார்க்க எனக்கு உடம்பு கூசியது. நான் தள்ளி நின்றேன்.

கடைக்காரர் ஒவ்வொருத்தியையும் கேட்டார். "கொத்த பிய்யமா, பாத பிய்யமா?"

பிய்யம் என்றால் அரிசி என்று வண்டியிலேயே காதில் விழுந்திருந்தது. பாத என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. பாதி. அரை அரிசி. அதாவது நொய். கொத்த என்றால் கொத்துக் கொத்தாக விளைந்த முழு அரிசியாக இருக்க வேண்டும். ஒருத்தியைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்ல அந்தக் கூட்டத்தின் நடுவில் எனக்கு வாய் வராது. அத்தனை பேரும் பாத, பாத என்றுதான் கேட்டார்கள். ஆபீஸ் சேலை கட்டிக்கொண்டு ரயில் ஏறி வந்து நொய்யை வாங்கிப் போகிறார்களா என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இதில் இன்னொரு கூத்து. பாதவுக்குத்தான் விலை கூட. நொய்யைக் கூடுதல் விலைக்கு வாங்கி ஏமாறுகிறாள், இவள் கணக்கு டீச்சராம்.

என் முறை வந்தது. டீச்சர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "அக்கா, பாத வாங்குங்க. விசேஷத்துக்கு அதுதான் நல்லாருக்கும்."

"எங்க வூட்ல அத கோழிக்குத்தான் போடுவோம்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

தபால் ஆபீஸ்காரி, "பெரிய வூடு, கோழி கூட பாதத்தான் துன்னும்" என்றாள். ஒரே சிரிப்பு. டீச்சர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் சாக்கைக் கட்டப் போனாள்.

"கொத்த பிய்யம், பத்து கிலோ" என்றேன் கடைக்காரரிடம். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக, பளபளவென்று, முனை முறியாமல் இருந்தது. தள்ளி நின்று பார்த்ததில், அவர்கள் வாங்கின பாதவோ சற்று மஞ்சள் ஓடி, மங்கலாக, நொய் மாதிரியே தெரிந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் புழுங்கலரிசிதான் உலையில் ஏறும். இந்தச் சன்னப் பச்சரிசியெல்லாம் கல்யாணத்தில் பார்ப்பதோடு சரி. அப்படியும் ஒன்றை எடுத்துக் கடித்திருந்தால் பல்லுக்குத் தெரிந்திருக்கும். கடிக்கிறவர்களைப் பார்த்துக் கூசினவள் எப்படிக் கடிப்பாள்?

திரும்பும்போது வண்டியில் செக்கிங். அந்த நாளில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகக் கெடுபிடி உண்டு. வீட்டுச் செலவுக்கு என்றால் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதற்குள் இவர்கள் பண்ணின கோமாளித்தனம் சொல்லி முடியாது. ஒருத்தி சாக்கின் மேல் உட்கார்ந்து சேலையைப் பரப்பிக்கொண்டாள். தபால் ஆபீஸ்காரி தலையணை உறையில் அரிசியைக் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

"இன்னாம்மா அது?" என்றார் வந்த ஆபீசர்.

"தலகாணி சார். கழுத்து வலி."

அவர் ஒரு விரலால் அதை அழுத்திப் பார்த்தார். "இத வச்சுப் படுத்தா கழுத்தே போயிடுமே."

அவர் நகர்வதற்குள் டீச்சர் எழுந்து நின்றாள். "சார், என்கிட்ட பன்னெண்டு கிலோ அரிசி, ரெண்டு கிலோ துவரம் பருப்பு இருக்கு. வீட்டுச் செலவுக்கு."

"ஒங்கள நான் கேக்கவே இல்லியேம்மா" என்று அவர் போய்விட்டார். கேட்காத கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்கிற ஜென்மம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படித்தான் இவளிடம் காலம் தள்ளுகிறார்களோ என்று நினைத்தேன்.

பரிசத்துக்கு நாற்பது பேர். தாம்பரத்திலிருந்து ஒரு சமையல்காரரை வரவழைத்திருந்தேன். அவர் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளினார். வாயில் நாலு அரிசியைப் போட்டார். இவருமா என்று எனக்கு எரிந்தது.

"யம்மா, இது புத்தரிசி மாதிரி கீது. கொயஞ்சி பூடும். வேற கீதா?"

"நீ சமைக்க வந்தியா, அரிசிக்கு ஜாதகம் பாக்க வந்தியா?"

"இல்லம்மா, சொல்றத சொல்லிடணும்ல. தண்ணிய கொறச்சு வெக்கவா?"

"எப்பவும் போல வை. ரூபா குடுத்து வாங்கன அரிசிய நெறுக்கு நெறுக்குன்னு போடச் சொல்றியா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்கு அண்டாவைத் திறந்து, கரண்டியை என் கையில் கொடுத்தார். கரண்டி அதில் நட்டுவைத்த மாதிரி நின்றது. அரிசி என்று ஒன்று அதில் தனியாக இல்லை. மகள் பட்டுச்சேலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யம்மா" என்றாள். அவ்வளவுதான். அவள் அழுதிருந்தால் கூடத் தேவலை.

மறுபடி உலை வைக்க அரிசியும் இல்லை, நேரமும் இல்லை. தட்டு மாற்ற நல்ல நேரம் பன்னிரண்டுக்கு மேல்தான் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மண்டிக்காரர் இலையில் சோறு விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தது. அவர் சாம்பாரைத் தொடவில்லை. இரண்டு விரலால் ஒரு சிட்டிகை சோற்றை எடுத்து நசுக்கினார். முப்பது வருஷமாக அரிசியை நசுக்கிப் பிழைத்தவர்.

"சம்பந்தியம்மா, அரிசி எங்க வாங்கனது? நம்ம பக்கத்து சரக்கு இல்லியே. புத்தரிசியாச்சே."

அவர் பெண்டாட்டி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள். "பல்லு போன கெழவிங்களுக்குத் தோதா ஆக்கியிருக்காங்க." வரிசையில் நாலைந்து பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பையன் தலையைத் தூக்கவில்லை. கதவுக்குப் பின்னால் மகளின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

தப்பாகிவிட்டது, மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லை.

"புத்தரிசிதான்" என்றேன். "எங்க வூட்ல பரிசத்துக்குப் புதுசுதான் போடுவோம். பழசு கருமாதிக்கு."

சிரிப்பு நின்றது. மண்டிக்காரர் புருவத்தைத் தூக்கினார். "அப்பிடி ஒரு வழக்கத்த நான் கேள்விப்பட்டதே இல்லியே."

"நீங்க அரிசி விக்கறவங்க. நாங்க வெளைய வெச்சவங்க. பொங்கலுக்குப் பழசு போட்டா பொங்கறீங்க? புதுசுதான சுபம்."

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் வியாபாரி. ஒரு வாய்ச் சொல்லுக்கு மடங்குகிறவர் இல்லை. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த டீச்சர் பக்கம் திரும்பினார். அவருடைய பையன் அவளிடம்தான் பத்தாவது வரை கணக்குப் படித்தவன். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

"டீச்சரம்மா, நீங்க நாலும் தெரிஞ்சவங்க. இப்பிடி எங்கியாவது உண்டா?"

சூலூர்பேட்டைக் கடையில் நின்றவள் அவள். கோழி என்று நான் சொன்னதைக் கேட்டவள். கேட்காத ஆபீசரிடமே கணக்கு ஒப்பித்தவள், கேட்கிறவரிடம் சொல்லாமல் விடுவாளா?

டீச்சர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவசரப்படவில்லை.

"எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சா, புது அரிசியத்தான் மொதல்ல கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடுப்போம். பழச யாரும் கொண்டுபோக மாட்டாங்க." பரிமாறுகிறவனிடம் தன் இலையைக் காட்டினாள். "எனக்கு இன்னும் ஒரு கரண்டி."

மண்டிக்காரர் தன் இலையைப் பார்த்தார். பிறகு, "சாம்பார் ஊத்துப்பா" என்றார். அன்றைக்குப் பன்னிரண்டரைக்குத் தட்டு மாற்றினோம். வைகாசியில் கல்யாணம்.

இதற்குப் பிறகு நடந்த கேவலத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷமே மண்டிக்காரர் பரிசத்துக்கு அரிசி கேட்டு வருகிறவர்களிடம், "புத்தரிசிதான் போடணும், இந்தப் பக்கத்துப் பழைய குடித்தனக்காரங்க வழக்கம்" என்று சொல்லி, விற்காமல் கிடந்த புது அரிசியைப் பழைய அரிசி விலைக்குத் தள்ள ஆரம்பித்தார். வாங்கினவர்களும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் பரிசத்துக்குப் போய்க் குழைந்த சோறு தின்றவர்கள் யாராவது இருந்தால், காரணம் நான்தான். என்னை நொந்து பயனில்லை. சொன்னதையெல்லாம் நம்புகிறவர்களுக்கு அந்தச் சோறுதான் கிடைக்கும்.

பரிசத்தன்று எல்லாரும் போன பிறகு டீச்சர் சமையல் கட்டில் நின்றாள். அண்டாவில் கால்வாசி சோறு மீந்திருந்தது.

"டீச்சர், ஒனக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"நான் எங்கக்கா பொய் சொன்னேன்? எங்க ஊர்ல குடுக்கது நெசம். பொய் சொன்னது நீங்க." சிரிக்காமல் சொன்னாள். "அன்னைக்கே சொன்னேனே, பாத வாங்குங்கன்னு."

"பரிசத்துக்குப் பாதி அரிசிய எவ போடுவா?"

"பாதியா?" அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அக்கா, தெலுங்குல பாதன்னா பழசு. கொத்தன்னா புதுசு. நெல்லு வெளைஞ்ச வீட்டுக்காரங்க, புதுசுதான் வேணும்னு தெரிஞ்சு கேக்கீங்கன்னுல்லா நெனச்சேன். அதான் பேசாம இருந்துட்டேன்."

நான் தட்டை எடுத்து அண்டாவை மூடினேன். அவளுக்குத் தெரிந்த ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. அதில் ஒன்றும் இல்லை. என் வாயிலிருந்து வருவது எல்லாம் தெரிந்து வருவது என்று அவள் நினைத்திருந்தாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இத என்ன செய்யப் போறீங்க?" என்று அண்டாவைக் காட்டினாள்.

"மாட்டுக்கு."

"மாட்டுக்கா? பச்ச மொளகாயும் சீரகமும் அரைச்சுப் பெசஞ்சு வடகம் போட்டா ரெண்டு வீட்டுக்கும் வருசம் பூரா வரும்." என்னிடம் சம்மதம் கேட்காமல் மகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் வீட்டு மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து, என் மானத்தைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக் காயப் போட்டிருந்தாள். எங்கள் வாசலில் நின்றால் தெரியும். தெருவில் போகிறவர்கள், என்ன டீச்சர் இவ்வளவு வடகம் என்று கேட்பார்கள். எனக்குக் காது அடைக்கும். எதிர் வீட்டு அக்கா கொடுத்த சோறு என்று அவள் சொல்வாள். குழைந்துவிட்டது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. சொல்லமாட்டாளா என்று நான் மூன்று நாளும் வாசலிலேயே நின்று கேட்டேன்.

நாலாம் நாள் தராசோடு வந்தாள். என் கண் முன்னால் நிறுத்து, சரிபாதி பிரித்து, என் பங்கை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துவிட்டு, டின்னைக் காலி ஆனதும் திருப்பித் தரச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே ஒரு பிடி எடுத்து எண்ணெயில் போட்டேன். பூவாகப் பொரிந்தது. நானும் மகளும் சோற்றுக்கு முன்பே தட்டைக் காலி செய்துவிட்டோம். எப்படி இருந்தது என்று சாயங்காலம் டீச்சர் வாசலில் நின்று கேட்டாள்.

"உப்பு ஒரு கல் கூட" என்றேன்.